மாமாவின் கருவாட்டுப் பை

என் மாமாவின் பின்பாக்கெட்டில் எப்போதும் ஒரு பர்ஸ் புடைத்துக்கொண்டிருக்கும். அதில் ஒருநாளும் பணம் இருந்ததில்லை. பிஸ்கட் பெட்டியின் அட்டையை அளவாக வெட்டி, நாலைந்து துண்டுகளை உள்ளே திணித்திருப்பார். நிஜப் பணம் இடது காலுறைக்குள் இருக்கும். கடையில் எதையாவது வாங்கினால், கல்லாவுக்கு முன்னால் ஒற்றைக் காலில் நின்று சப்பாத்தைக் கழற்றுவார். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முகம் சுளிப்பார்கள். மாமா அதையெல்லாம் கண்டுகொள்ள மாட்டார்.

செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். இளவயதில் கோலாலம்பூர் பேருந்து நிலையத்தில் அவருடைய பர்ஸை யாரோ உருவிவிட்டார்கள். அன்றிலிருந்து பயணம் என்றாலே அவருக்குள் ஒரு போலீஸ்காரர் விழித்துக்கொள்வார். எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும், எதை எதற்குள் ஒளித்து வைக்க வேண்டும் என்று சொல்வதற்கு முதல் நாளே வந்துவிடுவார். ஒருமுறை ஈப்போவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, அத்தையின் சங்கிலியை மிளகாய்த்தூள் பொட்டலத்துக்குள் புதைத்துக் கொண்டுபோனார். சங்கிலி பத்திரமாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதைப் போட்டுக்கொண்ட அத்தை, தாலி கட்டி முடியும்வரை கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தார்.

"திருடன் பையப் பாக்க மாட்டான் பாப்பா. பைய வச்சிருக்கிறவன் மூஞ்சியத்தான் பாப்பான்" என்று மாமா அடிக்கடி சொல்வார். ஒன்பது வயதில் எனக்கு அது பெரிய ஞானமாகப் பட்டது. இன்றைக்கும் எல்ஆர்டி ரயிலில் முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு நிற்கும்போது, உள்ளே ஒன்றுமில்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொள்கிறேன். அதைப் பார்த்து ஏமாந்த திருடன் யாராவது உண்டா என்பது எனக்குத் தெரியாது.

மாமாவின் தந்திரங்களிலேயே பெரிய தந்திரம் அந்த ஒன்பதாவது வயதில், ஒரு பள்ளி விடுமுறையில்தான் நடந்தது. அம்மாவும் மாமாவும் நானும் காப்பாரிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்பினோம். அம்மாவின் ஐசி, அதாவது அடையாள அட்டை விஷயமாகப் போகிறோம் என்ற அளவுக்கு எனக்குத் தெரியும். மாமா கிள்ளான் ஆஸ்பத்திரியில் பிறந்தவர். அவருக்குக் குடிமக்களுக்கான நீல ஐசி. அவருக்கு ஆறு வருஷம் கழித்து அம்மா தோட்டத்து லயத்து வீட்டில், மருத்துவச்சி கையில் பிறந்தார். அந்தப் பிறப்பைப் பதிந்து சூரா என்கிற பிறப்புப் பத்திரம் எடுக்காமலே விட்டுவிட்டார்கள். அதனால் இந்த மண்ணிலேயே பிறந்து, வளர்ந்து, கல்யாணம் கட்டி, என்னையும் பெற்ற அம்மாவிடம், வெளிநாட்டிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு ஐசிதான் இருந்தது. நீலத்தைவிடச் சிவப்பு பளிச்சென்று இருக்கிறதே, அதை எதற்கு மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

மனுப் போட்டுப் போட்டு அம்மா சலித்திருந்தார். அந்தச் சமயத்தில் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னச் சங்கத்தின் மாடியில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இப்படிப்பட்டவர்களின் பத்திரங்களைச் சரிபார்த்து, எல்லாரையும் ஒரு வேனில் ஏற்றிப் புத்ராஜெயாவில் இருக்கும் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு வேன் கிளம்பிவிடும், அசல் பத்திரங்கள் கையில் இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அம்மாவின் அசல்கள் எல்லாம் ஒரு பழுப்புக் கோப்புக்குள் இருந்தன. மருத்துவச்சி கைநாட்டு வைத்த ஒரு கடிதம், தோட்டத்துப் பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒரு தாள், அம்மாவைப் பெற்றவர்களின் கல்யாணப் பத்திரம், ஒரு பழைய படம். மருத்துவச்சி இறந்துபோய்விட்டார். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். கோப்பு தொலைந்தால், அம்மா இங்கேதான் பிறந்தார் என்று சொல்வதற்கு வேறு ஆளும் இல்லை, தாளும் இல்லை.

அதை மாமா முதல் நாளே வாங்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலையில் வந்தபோது அவர் கையில் ஒரு கறுப்பு பிரீஃப்கேஸ் இருந்தது. காப்புறுதி முகவரான நண்பரிடம் இரவல் வாங்கியது; எண் பூட்டு வைத்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, நாலு பக்கமும் பார்த்தபடி வந்தார். என் கையில் ஓர் இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பையைக் கொடுத்தார். பாசாரில் மீன் போட்டுக் கொடுப்பார்களே, அந்த மாதிரிப் பை. எட்டிப் பார்த்தேன். கருவாடு.

"டீச்சருக்கு" என்றார் மாமா.

அம்மாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. "படிச்சவங்களுக்குப் போயி கருவாட்டக் குடுக்கறதாண்ணே? ஒரு பழம் கிழம் வாங்கியிருக்கலாம்ல."

"அத நான் பாத்துக்கறேன் லா. பாப்பா, நீ பைய ஆட்டிக்கிட்டே வா. கீழ வையி, மேல வையி, என்ன வேணா பண்ணு. குப்பையத் தூக்கிட்டு வர்ற மாதிரி வரணும், சரியா?"

மாமா எங்களிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. கோப்பு பிரீஃப்கேஸில் இல்லை. அதைத் தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி, செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டி, என் பையின் அடியில் வைத்து, அதன்மேல் கருவாட்டை அடுக்கியிருந்தார். பிரீஃப்கேஸில் இருந்தவை ஒரு துண்டும் மூன்று பொட்டலம் நாசி லெமாக் சோறும்தான். விஷயம் தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவருடைய கொள்கையல்லவா? அதனால் அம்மாவிடமும் மூச்சு விடவில்லை. ரயிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஓரக்கண்ணால் பையைக் காவல் காத்துக்கொண்டு வருவதாகத் திட்டம்.

அந்தத் திட்டம் கிள்ளான் ஸ்டேஷனிலேயே கவிழ்ந்தது. கொமுட்டர் ரயிலின் நடுப் பெட்டியைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, கதவில் இளஞ்சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். அப்போதுதான் வந்த ஏற்பாடு அது, மாமாவுக்குத் தெரியாது. கூட்டம் அம்மாவையும் என்னையும் அந்தப் பெட்டிக்குள் தள்ளியது. பின்னாலேயே ஏறிய மாமாவை ஒரு காவலர் தோளைத் தொட்டு, அடுத்த பெட்டிக்குப் போகும்படி சொன்னார். மாமா தங்கையைக் காட்டினார், மருமகளைக் காட்டினார், கடைசியில் என் கையிலிருந்த பையைக்கூடக் காட்டினார். காவலர் அசைந்து கொடுக்கவில்லை. கதவு மூடுவதற்குள் மாமா பிரீஃப்கேஸைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் இருந்த கண்ணாடியில் அவர் முகம் கொஞ்ச நேரம் தெரிந்தது. கையை ஆட்டி ஏதோ சொன்னார். "பொம்பளைங்க கோச்சையே எட்டிப் பாத்துக்கிட்டு, மானம் போகுது" என்று அம்மா முணுமுணுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஷா ஆலாமில் ஏறிய கூட்டத்தில் மாமாவின் முகமும் மறைந்துபோனது.

எங்களுக்கு வேறு கவலை இருந்தது. ஏர்கோன் ஓடும் மூடிய பெட்டி, நடுவில் கருவாடு. காதில் பாட்டு மாட்டியிருந்த ஒரு பெண் எழுந்து தள்ளிப் போனாள். இன்னொருத்தி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் மாமா சொல்லிக்கொடுத்தபடி பையை ஆட்டிக்கொண்டிருந்தேன், அதனால் வாசனை பெட்டியின் இரு கோடிக்கும் நன்றாகப் போய்ச் சேர்ந்தது. அம்மா கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

எதிரில் இருந்த ஓர் ஆன்டி மட்டும் மூக்கை மூடவில்லை. நன்றாக இழுத்து முகர்ந்துவிட்டு, "சுறாவா தங்கச்சி? எங்க வாங்குனீங்க?" என்று கேட்டார். காப்பார் என்று அம்மா சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு மூன்று மாதமாம். தண்ணீர் குடித்தாலும் வாந்தியாம். ரெண்டு நாளாக ஒரு பருக்கை இறங்கவில்லை, கருவாடு கருவாடு என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். கிள்ளானில் தேடிப்பார்த்து, நல்லது கிடைக்காமல் வெறுங்கையோடு மகள் வீட்டுக்குப் போகிறாராம்.

அவர் கொடு என்று கேட்கவே இல்லை. ஆனால் வாயும் வயிறுமாக இருக்கும் ஒரு பெண் ஆசைப்பட்ட பொருளை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தில் யார் சும்மா இருப்பார்கள்? போதாததற்கு, படித்த டீச்சர் கையில் கருவாட்டை நீட்டும் சங்கடத்திலிருந்து தப்பிக்க அம்மாவுக்கு இது ஒரு நல்ல வழி. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து முதல்முறையாக அம்மா சிரித்தார்.

"குடுத்துடு பாப்பா" என்றார்.

நான் எழுந்துபோய் இரண்டு கையாலும் கொடுத்தேன். ஆன்டி வேண்டாம் வேண்டாம் என்றார், அம்மா விடவில்லை. "ஸ்டேஷன்லேர்ந்து பாத்தாலே தெரியும், மொத ஃப்ளாட்டு. லிஃப்ட்டு வேற கெட்டுப்போச்சு, ஏறி ஏறி என் முட்டியே தேஞ்சிடுச்சு. இந்தப் பக்கம் வந்தா வாங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டுப் பந்தாய் டாலாமில் இறங்கினார். ரயில் நகரும்போது பையைத் தூக்கிக் காட்டி டாட்டா சொன்னார். நானும் சொன்னேன். நல்ல காரியம் செய்த மகிழ்ச்சியில் எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது.

கேஎல் சென்ட்ரலில் மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வந்ததும் என் கையைத்தான் பார்த்தார்.

"பை எங்க?"

"ஒரு ஆன்டிக்குக் குடுத்துட்டோம் மாமா" என்றேன் பெருமையாக.

மாமா பிரீஃப்கேஸைத் தரையில் வைத்தார். அதன்மேலேயே உட்கார்ந்தார். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல மெதுவாக, பையின் அடியில் என்ன இருந்தது என்று சொன்னார்.

ரயில் இருக்கையைக்கூடக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்காரும் அம்மா, அந்தப் பிளாட்பாரத் தரையில், போகிற வருகிறவர்களின் கால்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாமாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ காலியாக இருந்த என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் வந்துவிட்டது. என்ன தொலைந்தது என்று புரியாவிட்டாலும், அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தது நான்தான் என்பது புரிந்தது. நான் அழ ஆரம்பித்தேன்.

"டீச்சர்கிட்டப் போயி நடந்தத சொல்லலாம்" என்றார் மாமா.

"எதக் காட்டிச் சொல்றது?" அம்மா சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "பந்தாய் டாலாம். மொத ஃப்ளாட்டு. லிஃப்ட்டு கெட்டுப்போனது. வாங்க."

அந்தக் கட்டடம் ஸ்டேஷனிலிருந்து பார்த்தபோதே தெரிந்தது. பதினேழு மாடி. ஒவ்வொரு மாடியிலும் கணக்கில்லாத கதவுகள். அந்த ஆன்டியின் பெயரை நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை, மகளின் பெயரும் தெரியாது. ஒவ்வொரு கதவாகத் தட்டலாம் என்று மாமா சொன்னார். ஒரு மணிக்கு வேன் என்பதை அம்மா ஞாபகப்படுத்தினார்.

"சாப்பாட்டு நேரம் நெருங்குது. ரெண்டு நாளா பட்டினி கெடக்குற பிள்ளைக்கு மொத வேலையா கருவாட்டத்தான் பொரிப்பாங்க. பொரிச்சா வாசன வராமலா போகும்?" என்றார் அம்மா.

அப்படியாக நாங்கள் மூவரும் மூக்கை நம்பி அந்த மாடிகளை ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் நடைபாதையின் கடைசிவரை போய், மோந்து பார்த்துத் திரும்புவோம். முதல் மாடியில் சம்பால், இரண்டாம் மாடியில் சாம்பிராணி. நாலாவது மாடியில் கருவாட்டு வாசனை தூக்கியது. மாமா ஓடிப்போய்க் கதவைத் தட்டினார். ஒரு மலாய்க்கார அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தார். அவர் வீட்டிலும் அன்றைக்கு உப்புமீன்தான். மாமா வியர்த்து வழிந்துகொண்டு மலாயில் தட்டுத்தடுமாறி விஷயத்தைச் சொன்னதும், அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, ஏழாவது மாடியில் ஒரு தமிழ்ப் பெண் மசக்கையாக இருக்கிறாள், இடது கைப்பக்கம் போய்ப் பாருங்கள் என்றார்.

ஏழாவது மாடிப் படி முடிவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நம் வீட்டுக் கருவாட்டு வாசனை நமக்குத் தெரியாதா? நான்தான் முதலில் ஓடினேன்.

கதவைத் திறந்த ஆன்டி எங்களைப் பார்த்ததும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டீங்களா! எங்க போயித் தேடுறதுன்னு தெரியாம தவிச்சுக்கிட்டிருக்கேன். எனக்குப் படிக்கத் தெரியாது தங்கச்சி. ஆனா பழைய காயிதம், முத்திர வேற குத்தியிருக்கு. யாரோ உசிரா வச்சிருந்ததுன்னு தெரிஞ்சிச்சு."

கோப்பைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். அம்மா அதை வாங்கி ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தார். கடிதம், பள்ளித் தாள், கல்யாணப் பத்திரம், படம். எல்லாம் இருந்தன. வாசலில் நின்ற மாமா பிரீஃப்கேஸைத் திறந்து துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அந்த மகள் தரையில் சுவரோரமாக உட்கார்ந்து தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மெலிந்த உடம்பு, தளர்ந்த நைட்டி. எங்களைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்துவிட்டு, மறுபடியும் சோற்றில் கையை வைத்தார். ரெண்டு நாளைக்கு அப்புறம் இப்போதுதான் இறங்குகிறது என்று ஆன்டி சொன்னார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினார். நேரமில்லை. நாங்கள் இறங்கி ஓடினோம்.

கீழே வந்தபோது பன்னிரண்டரை தாண்டியிருந்தது. மாமா சாலைக்கு ஓடி ஒரு டாக்சியைப் பிடித்துவிட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். அம்மா ஒரு காலை உள்ளே வைத்தவர், அப்படியே நின்றார். அண்ணாந்து அந்தக் கட்டடத்தைப் பார்த்தார்.

"அண்ணே, டாக்சிய நிப்பாட்டி வைங்க. ரெண்டு நிமிஷத்துல வரேன்."

"என்ன வெளையாடுறியா? வேன் போயிடும்! எத விட்டுட்டு வந்த?"

அம்மா கோப்பை மாமாவின் கையில் திணித்துவிட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தார். நானும் இறங்கி ஓடினேன். ஏழு மாடி. மூன்றாவது மாடியில் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐந்தாவதில் மறுபடியும் நின்றார். கைப்பையை விட்டுவிட்டாரோ என்று பார்த்தேன். அது தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தே இருந்தது. அந்த மகள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா வாசலில் நின்று, மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"இங்க பாரும்மா. ஆஸ்பத்திரிக்கே போயி பெத்துக்க. பெத்த ஒடனே மொத வேலையா பிள்ளைக்கு சூரா எடுத்துடு. பேரு ஒத்து வரல, நாள் நல்லால்லன்னு யாராச்சும் தள்ளிப் போடச் சொன்னா கேக்காத. புருஷனுக்கு வேலன்னா நீயே போ. சரியா?"

"சரிக்கா" என்றார் அவர், வாயில் சோற்றோடு.

"சும்மா சரின்னு சொல்லாத. எனக்குச் சத்தியம் பண்ணு."

அந்த அக்கா திகைத்துப்போய்த் தன் அம்மாவைப் பார்த்தார். வலது கையில் சோறு ஒட்டியிருந்ததால் இடது கையை நீட்டினார். பிறகு அது சரியில்லை என்று பட்டதோ என்னவோ, எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, அம்மாவின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தார். அதற்கப்புறம்தான் அம்மா திரும்பினார். நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்கணும், உடம்பைப் பார்த்துக்கொள் என்றெல்லாம் எல்லாரும் சொல்வதை அம்மா ஒன்றுகூடச் சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் இப்படி அதட்டிப் பேசுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. இறங்கும்போது, ஏம்மா இதைச் சொல்லவா ஏழு மாடி ஏறினோம் என்று கேட்டேன். மூச்சு வாங்குது, பேசாம வா என்றார்.

வேனை டீச்சர் எங்களுக்காகப் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்திருந்தார். புத்ராஜெயா போய்ச் சேரும்வரை வேன் முழுவதும் கருவாட்டு வாசனை. நீல ஐசி அன்றைக்கே கிடைத்துவிடவில்லை; அது வந்தபோது எனக்குப் பதினாறு வயது, நாலாம் படிவத்தில் இருந்தேன்.

பந்தாய் டாலாம் பக்கம் நாங்கள் மறுபடியும் போகவே இல்லை. ஆனால் அந்த வருஷக் கடைசியில், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதோ துணி காயப்போடும்போதோ, அம்மா திடீரென்று கையை நிறுத்திவிட்டு, "இந்நேரம் பொறந்திருக்கும்ல?" என்பார். நான் ஆசையோடு ஓடிப்போய், ஆணா இருக்குமா பெண்ணா இருக்குமா என்று கேட்பேன்.

"எதுவா இருந்தா என்ன" என்பார் அம்மா. அவர் கவனம் வேறு எங்கேயோ இருக்கும். அந்தக் குழந்தைமேல் அம்மாவுக்கு அவ்வளவாக அக்கறை இல்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.